தண்ணீர் புகுந்த அன்று நான் அங்கே இருந்தேனா

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை 10.42. மின்னஞ்சல்: "மருத்துவ ஆவணப் பிரிவு உதவியாளர் பணிக்கான நேர்காணலுக்குத் தங்களை அழைக்கிறோம். மார்ச் 12, புதன், காலை 11.30. முந்தைய பணியில் தாங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைக் காட்டும் நிகழ்வுகளைக் கேட்போம். உண்மையான உதாரணங்களுடன் வரவும்." வந்தது ஆங்கிலத்தில். தமிழில் எழுதி வைத்துக்கொண்டவள் நான். அப்படி எழுதி டயரியில் ஒட்டிய தாளில் 'உண்மையான' என்ற சொல்லுக்கு அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

பதினெட்டு வருடம் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆவண அறையில் வேலை பார்த்தேன். அங்கே அதை ரெக்கார்டு ரூம் என்போம். தயாராகும் ஒவ்வொரு தொகுதி மாத்திரைக்கும் ஒரு கோப்பு உண்டு. யார் எடை போட்டார், யார் சரிபார்த்தார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். மருந்து காலாவதியான பிறகும் அதைப் பல மாதம் காக்க வேண்டும். அந்தக் காவல்தான் எங்கள் வேலை. 'எங்கள்' என்றால் நானும், பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த இன்னொருத்தியும். என்னைவிட ஐந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். கம்பெனி தன் வேலையை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது கோப்புகள் லாரியில் போயின, நாங்கள் வீட்டுக்குப் போனோம். ஏழு மாதத்தில் பதினோரு இடத்துக்கு எழுதினேன். நாற்பத்தாறு வயதுக்காரியைக் கூப்பிட்டது இந்த மருத்துவமனை ஒன்றுதான். இது போனால் அடுத்தது வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

லாஸ்பேட்டையில் எங்கள் மாடி வீட்டில் கணவர் மின்னஞ்சலை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நடத்தையா? அதுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல இல்ல சர்டிபிகேட் வாங்கணும்?"

"அப்பா, நீ சும்மா இரு," என்றாள் மகள். கல்லூரியில் முதலாம் ஆண்டு. அவள் கல்லூரியிலேயே இந்த மாதிரி நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டாள். என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன பலன். "எந்தக் கேள்வி வந்தாலும் இந்த நாலுக்குள்ள வந்துடணும். ரெண்டு நிமிஷம். அவ்ளோதான்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. கடந்த காலத்தைக் கேட்கிறார்கள், நானோ கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் டயரி எழுதுபவள். இருபத்திரண்டு நோட்டுகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. நூலகத்திலிருந்து சுயசரிதை எடுத்து வந்தால் கூட, நாற்பதாம் பக்கத்து வருடமும் நூறாம் பக்கத்து வருடமும் ஒத்துப்போகிறதா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மேலே படிப்பேன். என்னைவிடத் தயாராக யார் வருவார்கள்?

மறுநாள் காலை ஒத்திகை. மகள் நாற்காலியில் அமர்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"மேலதிகாரியோட கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவம் சொல்லுங்க."

"ஆகஸ்ட் பதினேழு, வெள்ளிக்கிழமை. காலையில தூறல். ஒன்பது அஞ்சுக்கு சூப்பர்வைசர் வந்தாரு..."

"அம்மா! வாக்குமூலமா குடுக்கற? தேதி வேணாம். தூறல் வேணாம்."

"தேதி இல்லாம எப்படி நம்புவாங்க?"

"தேதி சொன்னாதாம்மா நம்ப மாட்டாங்க. மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கும்."

இது எனக்குப் புரியவில்லை. இருந்தும் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கருத்து வேறுபாட்டை எப்படித் தீர்த்தேன் என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். "சூப்பர்வைசர் பேசவில்லை. ஒன்பதாம் நாள்" என்று ஓரிடத்தில் இருந்தது. அடுத்த நாள் குறிப்பில் "பேசினார்" என்ற ஒரே சொல். நடுவில் நான் என்ன செய்தேன்? நான் மன்னிப்புக் கேட்டேனா, அவர் கேட்டாரா, இல்லை சம்பளத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டி வந்ததா? மூன்றாவது கட்டத்தில் வைக்க எதுவுமே இல்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மழை, மின்தடை, வந்தவர் போனவர், மீன் விலை, படித்து முடித்த புத்தகம் எல்லாம் நோட்டில் இருந்தன. நான் செய்தது மட்டும் இல்லை. என் கையால் எழுதிய நோட்டில் நானே இல்லாதது எப்படி என்று யோசித்தபடி அன்று சாம்பாரைத் தீயவிட்டேன்.

"ஏம்மா அலட்டிக்கற?" என்றாள் மகள். "உன் மழைக் கதை இருக்கில்ல? அது ஒன்னு போதும். நெருக்கடி, பொறுப்பு, துணிச்சல், எல்லாக் கேள்விக்கும் அதையே திருப்பிப் போடலாம்."

மழைக் கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். மகள் நான்காவது படித்த வருடம் டிசம்பரில் விடாமல் கொட்டிய மழையில் ரெக்கார்டு ரூமுக்குள் தண்ணீர் வந்தது. காலையில் முதலில் போனது நான். கணுக்கால் அளவுத் தண்ணீர். கீழ்த்தட்டுக் கோப்புகள் நனைய இன்னும் நான்கு விரற்கடைதான் மிச்சம். அத்தனையையும் தனியாளாக மாடிக்குத் தூக்கி, கேன்டீன் மேசைகளில் பிளாஸ்டிக் விரித்து அடுக்கினேன். அடுத்த மாதம் தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு தாளிலும் ஈரம் காணவில்லை. நான்கு கட்டத்திலும் கச்சிதமாக உட்காரும் கதை. தேதியைச் சரிபார்க்கத்தான் அந்த வருட நோட்டை எடுத்தேன்.

"டிசம்பர் 2, புதன். விடாத மழை. மின்சாரம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல், ஊசி. ரெக்கார்டு ரூமில் தண்ணீர். கோப்புகள் பத்திரம். பால் வரவில்லை."

நான் போனேன் என்றும் இல்லை, தூக்கினேன் என்றும் இல்லை. அன்றைக்கே மகளுக்கு ஊசி வேறு. மேலும் அந்தப் பக்கமும் அடுத்த இரண்டு பக்கமும் ஒரே பேனா, ஒரே அவசரம். மின்சாரம் வந்த வெள்ளிக்கிழமை மூன்று நாளையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இந்தக் கதையை நான் வெளியே சொன்னதற்கு முதல் குறிப்பு அடுத்த வருடம் ஏப்ரலில்தான் இருக்கிறது. நாத்தனார் மகள் வளைகாப்பில், "மழைக் கதை சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள்."

கணவரிடம் கேட்டேன். "நீ தெப்பலா நனஞ்சி வந்த. நாந்தான் டீ போட்டுக் குடுத்தேன்."

"அது எந்த மழை?"

"மழயில இன்னா, இந்த மழ அந்த மழ?"

மகள் வேறு சொன்னாள். "எனக்கு ஊசி போட்டப்ப நீதாம்மா கையப் புடிச்சிகிட்டு இருந்த."

"காலையிலயா, சாயங்காலமா?"

"அம்மா, எனக்கு அப்ப ஒன்பது வயசு."

கம்பெனிப் பதிவேடு இருந்தால் தீர்ந்துவிடும் என்று வெளியாள் நினைக்கலாம். ஆவண அறைக்குள் நுழைந்தாலும் வெளியேறினாலும் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆனால் பிள்ளைச்சாவடி பஸ் பிந்தினால் அவளுக்காக நான் கையெழுத்துப் போடுவேன். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்காக அவள் போடுவாள். எந்தத் திருத்தத்தையும் ஒற்றைக் கோடு கிழித்து, சுருக்கொப்பமும் தேதியும் இட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மற்றவர்களைப் பிடித்து நிறுத்திய நாங்கள், எங்கள் இருவர் கணக்கில் மட்டும் இப்படி இருந்தோம். அவளுடைய சுருக்கொப்பத்தின் கடைசி வளைவை அவளைவிட நான் நன்றாகப் போடுவேன். அதைத் தப்பு என்று அப்போது நான் ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை.

மார்ச் 8, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் முறத்தை வைத்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அதற்கு அப்பால் கடல்.

"இன்னாக்கா, ஃபோன்கூட பண்ணாம வந்துட்ட?"

"சும்மாதான். ஒன்னு கேக்கணும். அந்த மழையப்போ நம்ம ரூம்ல தண்ணி பூந்துச்சே, ஃபைலையெல்லாம் மேல ஏத்தனது யாரு?"

அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் மெயில் வந்துடுச்சா?"

நான்கு நாளாக இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். எனக்கு முகம் சுட்டது.

"பத்து நாப்பத்திரெண்டுக்கு வந்துச்சு," என்றேன்.

"எனக்குப் பத்து நாப்பத்தொன்னு." சிரித்துவிட்டாள். "அப்ப நாந்தான்க்கா சீனியர்."

"உன்ன எத்தன மணிக்குக் கூப்புட்டிருக்காங்க?"

"பத்து மணிக்கு. நீ?"

"பதினொன்னரை."

"ஒரு எடம்தானாமே."

"ஆமா."

ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். கிள்ளியதைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஃபைல ஏத்தனது நாந்தான்க்கா. இரு, நீயும் இருந்த. பிளாஸ்டிக் விரிச்சது நீதான? இல்ல, அது ஆடிட்டுக்கு வந்தவங்களுக்கு சாப்பாடு போட விரிச்சதா?"

"அன்னிக்கி பஸ்ஸே ஓடலியே. நீ எப்பிடி வந்த?"

"எங்க வூட்டுக்காரரு வண்டில கொண்டாந்து வுட்டாரு. தொடை வரைக்கும் தண்ணி. இல்ல... அது பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த மழ போலக்கீது." நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "யக்கா, எனக்கே இப்ப கொழப்பமா இருக்கு. காலைல வரைக்கும் தெளிவா இருந்தேன். நீ வந்து கெடுத்துட்ட."

"நீ அந்தக் கதையத்தான் சொல்லப் போறியா?"

"வேற இன்னா கதை இருக்கு நம்மகிட்ட? பதினெட்டு வருசமா தூசி தட்டி அடுக்கனோம். ஒரே ஒரு நாளு தண்ணி வந்துச்சு."

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். சொத்துப் பிரிப்பது போல் பிரித்துக்கொள்ளலாம். "தண்ணி உனக்கு. ஆடிட்டர் சத்தம் போட்டாரே, அப்ப பதில் சொன்னது எனக்கு."

"அவருக்குப் பதில் சொன்னது நான்."

"அதான் தண்ணியக் குடுத்துட்டேனே. ரெண்டும் வேணுமா உனக்கு?"

"சரி. அந்த லேபிள் மாறுன விசயம்?"

"அது ரெண்டு பேருக்கும் வேணாம்க்கா. வர்ற வேலையும் பூடும்."

சிரித்தோம். நெத்திலியில் பாதியை ஒரு கவரில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிவிட்டாள். திரும்பும் வழியில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அவள் விட்டுக்கொடுத்தாளா, இல்லை அவளுக்கு உரியதை நான் வாங்கிக்கொண்டு போகிறேனா? வீட்டில் மகளிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டிக்கு வர்றவங்ககிட்ட போயா பதிலப் பேசி வச்சிட்டு வருவ?"

மார்ச் 12, புதன். பதினொன்று ஐந்துக்கு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். அவளைப் பத்து மணிக்கே உள்ளே கூப்பிட்டிருந்தார்கள், நான் போகும்போது வெளியே வந்துகொண்டிருந்தாள். "நல்லாத்தான் பேசறாங்கக்கா, பயப்படாத. பஸ்ஸு பூடும், வர்றேன்," என்று சொல்லிப் படியிறங்கினாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே சொன்னாளா என்பதை அன்று மாலையே டயரியில் எழுத முயன்றேன். முடியவில்லை.

உள்ளே மூன்று பேர். ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண், ஒரு டாக்டர், ஆவணப் பிரிவுத் தலைவரான வயதான ஒருவர். முதல் இரண்டு கேள்விகளையும் கட்டத்துக்குள் அடக்கிவிட்டேன். மூன்றாவதாக அந்தப் பெண் கேட்டாள்: "எதிர்பாராத ஒரு நெருக்கடிய நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

தேதி சொல்லக் கூடாது என்பதை மறந்துவிட்டேன். "டிசம்பர் ரெண்டு, புதன்கிழமை. ரெக்கார்டு ரூமுக்குள்ள தண்ணி வந்துச்சு..."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேன்டீன் மேசை மேல அடுக்கினதா? இது காலையிலயே கேட்டோமே."

அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அன்னிக்கி நீங்க அங்க இருந்தீங்களாம்மா?" என்றாள்.

இருந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் எட்டு நாளாகத் தயார் செய்தேன். ஆனால் எனக்கு அந்த நோட்டின் பக்கம்தான் கண்ணில் நின்றது. காய்ச்சல், ஊசி, பால் வரவில்லை.

"இருந்தேன்னு நினைக்கிறேன். ஆனா அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல," என்றேன்.

"நீங்க தூக்கி வச்சீங்களா, அவங்களா?" இது டாக்டர்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் சார்."

"பதிவேடுன்னு ஒன்னு இருந்திருக்குமே," என்றார் பெரியவர். அதிகாரமாக இல்லை, உண்மையிலேயே எனக்கு உதவத்தான் கேட்டார்.

"அதுல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கும் சார். ரெண்டையும் ஒருத்தரே போட்டிருக்கலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே கேட்டது. பெரியவர் சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தித் தாளில் எதையோ எழுதினார். மீதிக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது அன்றைய குறிப்பில் இல்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடி வாகன நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றிருந்ததாக மட்டும் எழுதியிருக்கிறேன். என்னுடைய வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டது ஒன்று, ஒரே மூச்சில் அவளுடையதையும் கெடுத்தது இன்னொன்று. சொன்னபடி கதையை விட்டுக்கொடுக்காமல் எனக்கு முன்பே சொல்லிவிட்டாளே என்ற கோபமும் இருந்தது. எது எப்போது மேலே வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை.

மார்ச் 19, புதன், மாலை 4.15: எனக்கு வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல். 4.30: தொலைபேசியில் அவள். "யக்கா, எனக்குக் கெடச்சிடுச்சிக்கா," என்று சொல்லிவிட்டு அழுதாள். நல்லது என்றேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து என் பையை இழுத்தார்கள். அவள்தான்.

"உங்க வூட்டுக்குத்தான் வர்லாம்னு பூ வாங்க வந்தேன். யக்கா, எதுக்குக்கா அத போய் சொன்ன?"

"எத?"

"கையெழுத்த. சேர்றதுக்கு முன்னாடி தனியா ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டாரு அந்தப் பெரியவரு. இன்னொருத்தருக்காக எப்பவும் கையெழுத்துப் போட மாட்டேன்னு. வேற யாருகிட்டயும் அப்படி வாங்கலியாம். எனக்கு மட்டுந்தான்."

"தெரியல," என்றேன். அது உண்மை. "நீ எதுக்குத் தண்ணிக் கதையச் சொன்ன? அது எனக்குன்னு பேசனோமே."

பூக்கடைக்காரர் முழம் போட்ட கையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"நான் எங்கக்கா என் கதையா சொன்னேன்? கூட வேல பாத்தவங்கள்ல நீங்க மதிக்கற ஆள் யாருன்னு கேட்டாங்க. உன்னத்தான் சொன்னேன். எங்க அக்கா ஒரு ஆளா அத்தனையும் தூக்கி வச்சாங்கன்னு."

"என் பேரச் சொன்னியா?"

"பேரு சொல்ல வேணாம்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு."

பூவை என் பையில் போட்டுவிட்டு, மீன் பக்கம் போக வேண்டும் என்று கிளம்பினாள். கோபமாக இருந்தாளா என்றும் சொல்ல முடியவில்லை. போகும்போது, "மூஞ்ச தூக்கி வச்சிக்காதக்கா, திங்கக்கெழம மொத நாளு, காலைல ஃபோன் பண்ணுவேன், எடு," என்றாள். பண்ணினாள். எடுத்தேன்.

அவள் சொன்னது சரியென்றால், அந்த அறையில் அவர்களுக்கு என் பெருமை முன்பே தெரியும். நானே போய் அதை இல்லையென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் சொன்னது சரியில்லை என்றால், அவள் தன்னுடையதாகச் சொன்ன கதைக்கு நான்தான் வழிவிட்டிருக்கிறேன். இரண்டிலும் வேலை கிடைத்தது அவளுக்கே என்பதால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முடிவு ஒன்றாகவே வருகிறது. அதனால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. பெரியவர் சொன்னது "காலையிலயே கேட்டோமே" என்பது மட்டும். யாருடைய கதையாகக் கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நேர்காணலில் இருந்த அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்கலாம் என்று இரண்டு முறை மின்னஞ்சல் தொடங்கி அழித்துவிட்டேன். பதில் எப்படி வந்தாலும் என்னோடு வேலை பார்த்தவளின் புது வேலைக்கு அது நல்லதல்ல.

மார்ச் 12, புதன், காலை பத்து மணிக்கு மேல் அந்த அறையில் கோப்புகளைத் தூக்கியவர் யார் என்று அவள் சொன்னாள் என்பதற்கு, பூக்கடை முன் அவள் சொன்னதைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை. இதை எழுதும் இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.